ரோலரை மாற்றும் முன் கீலைப் பாருங்கள்

வாசகர் கேள்வி – பதில்

பலகை பலகையாக மடங்கி மேலேறி, கூரைக்கு அடியில் படுத்துக்கொள்ளும் செக்‌ஷனல் கதவுகளைப் பற்றியே இம்முறை மிகுதியான கடிதங்கள் வந்துள்ளன. தலைக்கு மேலே ஓர் உருளையில் சுருண்டுகொள்ளும் ஷட்டர் வேறு, இது வேறு. ஷட்டருக்கு இருபுறமும் பள்ளம் இருந்தால் போதும். செக்‌ஷனல் கதவிலோ ஒவ்வொரு பலகையின் ஓரத்திலும் ஒரு ரோலர் இருந்து, நிமிர்ந்த தடத்திலிருந்து வளைவைக் கடந்து கிடைத் தடத்துக்குள் போயாக வேண்டும். அந்த ரோலரைப் பிடித்திருக்கும் கீல், தாங்கி, குழல் ஆகியவற்றைப் பற்றித்தான் கடிதங்கள் எல்லாம் கேட்கின்றன. ஆனால் எழுதியவர்களில் பலர் ரோலரைப் பற்றிக் கேட்பதாகவே நினைத்திருக்கிறார்கள்.

கேள்வி: ஐயா, எங்கள் வாகனக் கூடத்தில் நான்கு பலகைகள் கொண்ட இரும்புக் கதவு இருக்கிறது. ஓசை அதிகமானதால், பலகைகள் சேரும் இடங்களில் இருந்த ஆறு ரோலர்களையும் கழற்றிவிட்டு, நைலான் சக்கரமும் பேரிங்கும் உள்ள புதியவற்றைப் போட்டேன். ஓசை குறைந்தது உண்மை. ஆனால் இப்போது கதவின் கீழ்ப்பகுதி சட்டத்தில் உரசுகிறது. மேல்பகுதியிலோ இருபுறமும் வெளிச்சம் தெரிகிறது. முன்பு இப்படி இருந்ததில்லை. வாங்கிய ரோலர்கள் அளவு தவறியவையா?

பதில்: ரோலர்களின் மேல் ஐயம் கொள்ள வேண்டியதில்லை. வேலையின்போது கீல்கள் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் கழற்றித் தரையில் குவித்து, பிறகு கைக்கு வந்ததை வந்த இடத்தில் பொருத்தியிருப்பீர்கள் என்று தோன்றுகிறது. கீலின் தகட்டை ஒரு துணியால் துடைத்துப் பாருங்கள். 1, 2, 3 என்று ஓர் எண் அழுத்திப் பொறிக்கப்பட்டிருக்கும். பார்வைக்கு அவை ஒன்றுபோலவே இருக்கும். ஆனால் ரோலரின் தண்டு நுழையும் குழல், பலகையின் பரப்பிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்கிறது என்பது எண்ணுக்கு எண் மாறும். எண் 1-இல் குழல் பலகையை ஒட்டி இருக்கும். 2-இல் சற்று விலகும். 3-இல் இன்னும் விலகும்.

ஏன் இந்த வேறுபாடு என்பதை அறிந்துகொண்டால் இனி ஒருபோதும் மாற்றிப் பொருத்த மாட்டீர்கள். நிமிர்ந்த தடம் சுவருக்கு இணையாக நேராக நிற்பதாக நம் கண்ணுக்குத் தெரிந்தாலும், உண்மையில் அது கீழே சட்டத்தை நெருங்கியும் மேலே செல்லச் செல்லச் சட்டத்தை விட்டுச் சற்றே உள்பக்கம் சாய்ந்தும் இருக்கும். கதவு மூடியிருக்கும்போது பலகைகள் நான்கும் சட்டத்தின் மீது சீராக அழுந்த வேண்டும்; ஆனால் திறக்கத் தொடங்கிய உடனே அவை சட்டத்தையும் அதன் ரப்பர் பட்டையையும் விட்டு விலகிவிட வேண்டும், இல்லாவிட்டால் உயரும் தூரம் முழுவதும் தேய்த்துக்கொண்டே போகும். சாய்ந்த தடம் இந்த இரண்டாவது தேவையைத் தீர்க்கிறது. தடம் சாய்ந்திருந்தும் பலகைகள் மூடிய நிலையில் நேராக நிற்க வேண்டும் என்ற முதல் தேவையை, மேலே போகப் போக விலகல் கூடும் கீல்கள் தீர்க்கின்றன. ஆகவே கீழிருந்து முதல் இணைப்பில் எண் 1, இரண்டாவதில் எண் 2, மூன்றாவதில் எண் 3 என்பதே வரிசை. ஐந்து பலகைகள் இருந்தால் நான்காவது இணைப்பில் எண் 4 வரும். பலகையின் நடுவில், ரோலர் இல்லாத இடங்களில் உள்ள கீல்கள் எல்லாம் எண் 1 ஆகவே இருக்கும்.

உங்கள் கதவில் எண் 3 கீழே வந்து, எண் 1 மேலே போயிருக்க வேண்டும். கீழே தடம் சட்டத்துக்கு அருகில் இருக்க, குழலோ பலகையை விட்டு விலகி நிற்பதால், பலகை சட்டத்தோடு நெருக்கப்பட்டு உரசுகிறது. மேலே தடம் விலகியிருக்க, குழல் பலகையை ஒட்டியிருப்பதால், பலகை சட்டத்தை எட்டாமல் வெளிச்சம் வருகிறது. நீங்கள் எழுதிய இரண்டு குறைகளும் ஒரே தவறின் இரு முனைகள். கதவை முழுதாக மூடி, தானியங்கி மோட்டார் இருந்தால் அதன் மின் இணைப்பைத் துண்டித்துவிட்டு, ஒரு நேரத்தில் ஒரு கீல் என்ற ஒழுங்கோடு இடம் மாற்றிப் பொருத்துங்கள். ஒரு கீலை இறுக்கி முடிக்காமல் அடுத்ததைத் தொடக் கூடாது.

ஒரு சிறு எச்சரிக்கையும் உண்டு. எல்லாக் கதவுகளிலும் இந்த எண் முறை இருக்கும் என்பதில்லை. சில வகைகளில் ஓரக்கீல்கள் ஒரே அளவில் இருந்து, அவற்றின் மீது ரோலர் தாங்கி என்ற தனித் தகடு நீள்துளையில் முன்னும் பின்னும் நகரும்படி அமைந்திருக்கும். அங்கே எண்ணுக்குப் பதிலாக உங்கள் கண்ணும் கையுமே அளவுகோல்: கதவு மூடிய நிலையில், பலகை ரப்பர் பட்டையை இலேசாகத் தொடும் இடத்தில் தாங்கியை நிறுத்தி, ரோலரை விரலால் சுழற்றிப் பார்க்க வேண்டும். சுழன்றால் சரி, தடத்தோடு இறுகி நின்றால் தாங்கியை மிகையாகத் தள்ளிவிட்டீர்கள் என்று பொருள்.

கேள்வி: ரோலரின் தண்டு கீலின் குழலுக்குள் கடகடவென்று ஆடுகிறது, வெளியே இழுத்தால் நழுவி வருகிறது. தகட்டுத் துண்டை இடையில் செருகியோ பற்றவைத்தோ இறுக்கிவிடலாமா?

பதில்: கூடவே கூடாது. தண்டு குழலுக்குள் பக்கவாட்டில் நழுவுவது குறையன்று. அப்படி நழுவும்படியே அது செய்யப்பட்டிருக்கிறது. வீட்டுக் கதவுகளில் பரவலாகக் காணப்படும் தண்டு ஏறக்குறைய 11 மில்லிமீட்டர் குறுக்களவு கொண்டது. குழல் அதைவிடச் சற்றே பெரியது. இடத் தடமும் வலத் தடமும் அடி முதல் நுனி வரை அணுவளவும் பிசகாத இணைகோடுகளாக எந்தச் சுவரிலும் அமைவதில்லை. தடங்களுக்கு இடையிலான தூரம் கூடும் இடத்தில் தண்டு வெளியே நழுவியும், குறையும் இடத்தில் உள்ளே சென்றும் அந்தப் பிசகை விழுங்கிக்கொள்கிறது. அதைப் பற்றவைத்துவிட்டால் பிசகு முழுவதும் கீலின் திருகுகள் மீதும் பலகையின் ஓரத்தின் மீதும் விழும். சில மாதங்களில் திருகுத் துளைகள் விரிந்துவிடும்.

ஆனால் குழலின் வாய் வட்டமாக இல்லாமல் முட்டை வடிவில் தேய்ந்திருந்தால், அது வேறு செய்தி. அப்போது தண்டு சாய்ந்து, சக்கரம் தடத்தில் கோணலாக ஓடும். அந்தக் கீலை அதே எண்ணுள்ள புதிய கீலால் மாற்றுவதுதான் வழி. தண்டு முழுவதுமாகக் கழன்று விழும் அளவுக்கு நழுவுகிறது என்றால் தடம் வெளிப்பக்கம் விரிந்திருக்கிறது; தடத்தைச் சுவரோடு பிடித்திருக்கும் தாங்கிகளின் போல்ட்டுகளைப் பாருங்கள்.

கேள்வி: நூறு கிலோ எடையுள்ள கதவுக்கு எவ்வளவு எடை தாங்கும் ரோலர் வாங்க வேண்டும்? பத்து ரோலர்கள் இருப்பதால், ஒன்றுக்குப் பத்துக் கிலோ என்று கணக்கிட்டால் போதுமா?

பதில்: கணக்கு பார்க்கும் எண்ணம் நல்லது, ஆனால் எடையை யார் சுமக்கிறார்கள் என்பதிலிருந்து தொடங்க வேண்டும். கதவு மூடியிருக்கும்போது ரோலர்கள் எடையை ஏறத்தாழச் சுமப்பதே இல்லை. பலகைகள் ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கி நிற்கின்றன. அந்த அடுக்கைக் கீழ்மூலைகளில் உள்ள இரண்டு தாங்கிகளில் கட்டிய கம்பிவடங்கள், மேலே முறுக்கிய ஸ்பிரிங்கின் விசையால் தூக்குகின்றன. ரோலர்கள் வழிகாட்டிகள் மட்டுமே. கதவு மேலேறி ஒவ்வொரு பலகையாகக் கிடைத் தடத்துக்குள் படுக்கும்போதுதான் எடை ரோலர்களுக்கு மாறுகிறது. அதே அளவுக்கு ஸ்பிரிங்கின் முறுக்கும் தளர்ந்துகொண்டே போகிறது. 1921-இல் அமெரிக்காவில் சி. ஜி. ஜான்சன் மேல்தூக்குக் கதவை உருவாக்கிய காலத்திலிருந்து, சுமை கைமாறும் இந்த இடந்தான் இவ்வகைக் கதவின் நுட்பம் என்பது என் கருத்து.

இப்போது உங்கள் கணக்குக்கு வருவோம். நான்கு பலகைகளும் சம எடை என்றால் ஒன்று 25 கிலோ. எல்லாம் படுத்த நிலையில், இரண்டு பலகைகள் சேரும் இடத்தில் உள்ள ஓர் இணை ரோலர்கள் இரு பக்கத்திலிருந்தும் பாதிப் பாதி சுமையை வாங்கி, ஒன்றுக்கு 12.5 கிலோவைத் தாங்குகின்றன. இரு கடைசி ஓரங்களிலும் உள்ளவை 6.25 கிலோவை மட்டுமே. ஆகவே சராசரியாகப் பத்துக் கிலோ என்பது எந்த ரோலருக்கும் பொருந்தாத எண். இதற்கு மேல், வளைவைக் கடக்கும்போது ஏற்படும் குலுக்கலும், மோட்டார் இழுக்கும் விசையும் சேரும். எனவே கணக்கில் வரும் எண்ணைப் போலச் சில மடங்கு தாங்கும் ரோலரையே எடுப்பது வழக்கம்.

பேரிங்கே இல்லாத மலிவான நைலான் சக்கரங்கள் தண்டின் மீது நேரடியாக உராய்ந்து தேய்வதால், கனமான கதவுக்கு அவற்றைப் பரிந்துரைக்க மாட்டேன். பத்து அல்லது பதின்மூன்று குண்டுகள் உள்ள, மூடியிட்ட பேரிங் கொண்டவை ஓசையும் குறைவு, ஆயுளும் கூடுதல். மிக அகலமான கதவுகளில் ஓரங்களில் ஒரு கீலுக்குப் பதில் அடுத்தடுத்து இரண்டு கீல்களைப் பொருத்தி, இரண்டு குழல்களையும் ஊடுருவும் நீளத் தண்டு ரோலரைப் போடுவார்கள். அப்படிப்பட்ட கதவில் குட்டைத் தண்டு ரோலரை வாங்கிப் போட்டால் உட்புறக் கீல் வெறும் அலங்காரமாகிவிடும்.

கேள்வி: தடத்துக்குள் கிரீஸ் தடவலாமா?

பதில்: வேண்டாம். ரோலர் தடத்தில் உருள வேண்டும், வழுக்கக் கூடாது. கிரீஸில் தூசி படிந்து பசையாகி உருள்வதைத் தடுக்கும். தடத்தை உலர்ந்த துணியால் துடைத்தாலே போதும். மூடியில்லாத பேரிங்கின் குண்டுகளுக்கும், கீல்களின் மடிப்புகளுக்கும் துளி எண்ணெய் போதுமானது.

கேள்வி: கீழ்மூலையில் உள்ள தாங்கியின் ரோலர் உடைந்துவிட்டது. தாங்கிக்குச் சிவப்பு வண்ணம் பூசி, கழற்றக் கூடாது என்ற எச்சரிக்கை ஒட்டியிருக்கிறது. மற்ற ரோலர்களை நானே மாற்றியவன். இதையும் மாற்றலாம் அல்லவா?

பதில்: இந்த இதழில் நான் எழுதும் பதில்களில் இது ஒன்றை மட்டுமாவது எழுத்துக்கு எழுத்து கடைப்பிடிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்: அந்தத் தாங்கியின் ஒரு திருகைக்கூடத் தொடாதீர்கள். ரோலரின் எடைக்கணக்கைப் பற்றிய பதிலில் சொன்ன கம்பிவடம் வந்து சேர்வது அதில்தான். அங்கே சொன்னதுபோல் நூறு கிலோ கதவு என்றால், மூடியிருக்கும்போது அதில் பாதி, அதாவது சுமார் ஐம்பது கிலோ விசை, அந்த ஒரு தாங்கியை மேல்நோக்கி இழுத்துக்கொண்டே இருக்கிறது. திருகுகள் தளர்ந்த கணத்தில் தாங்கி விடுபட்டு, வடத்தோடு சீறிப் பறக்கும். விரல்களை இழந்தவர்களும் முகத்தில் காயம்பட்டவர்களும் உண்டு. மற்ற ரோலர்களை மாற்றிய பழக்கம் இங்கே பயன்படாது. உண்மையில் அந்தப் பழக்கமே ஆபத்து, ஏனெனில் பலகைகள் சேரும் இடங்களில் உள்ள ஓரக்கீல்களில் இப்படிப்பட்ட இழுவிசை இல்லாததால் கை துணிந்துவிடுகிறது.

தடத்தின் உதட்டை இடுக்கியால் விரித்து, தாங்கியைக் கழற்றாமலேயே ரோலரை வெளியே எடுக்கும் வித்தையைச் சிலர் சொல்லித் தருகிறார்கள். விரித்த உதடு பழைய வடிவுக்கு முழுமையாகத் திரும்பாது. பிறகு அதே இடத்தில் ரோலர் தானாகவே வெளியேறும். ஸ்பிரிங்கின் முறுக்கை உரிய கம்பிகளைக் கொண்டு படிப்படியாக இறக்கத் தெரிந்த கதவுத் தொழில்நுட்பரை அழைத்து, அவர் வரும்வரை கதவை மூடியே வையுங்கள்.

கேள்வி: கதவை மூடியபின் மேல்பலகைக்கும் உத்தரத்துக்கும் இடையே விரல் நுழையும் அளவுக்கு இடைவெளி. கீல் எண்களெல்லாம் வரிசையில்தான் இருக்கின்றன.

பதில்: மேல்மூலைத் தாங்கியைச் சரிசெய்ய வேண்டும். கதவு மூடியிருக்கையில் மற்ற ரோலர்கள் நிமிர்ந்த தடத்தில் நிற்க, உச்சி ரோலர் மட்டும் வளைவில் அல்லது கிடைத் தடத்தின் வாயில் நிற்கும். அதனால்தான் அதன் தாங்கி கீல் போல நிலையாக இல்லாமல், நீள்துளைகளோடு நகரும்படி அமைந்திருக்கிறது. கதவை மூடி, மோட்டாரின் மின் இணைப்பைத் துண்டித்து, தாங்கியின் நகரும் தகட்டைப் பிடித்திருக்கும் மரைகளைத் தளர்த்துங்கள். பிறகு மேல்பலகையை உத்தரத்தின் பக்கம் தள்ளி, மற்றப் பலகைகளோடு ஒரே நேர்கோட்டில் நிற்குமாறு பிடித்துக்கொண்டு, தகட்டை நகர்த்தி இறுக்குங்கள். இருபுறமும் ஒரே அளவில் நகர்த்துவது கட்டாயம். இறுக்கியபின் உச்சி ரோலரை விரலால் சுழற்றிப் பாருங்கள்.

கேள்வி: மோட்டார் பொருத்திய ஓராண்டுக்குள் மேல்பலகையின் நடுக்கீல் இருமுறை பிளந்துவிட்டது. தடிமனான கீல் போட்டால் நிற்குமா?

பதில்: ஓரளவுக்கு நிற்கும். கீல் தகடுகளின் தடிமன் கேஜ் எண்ணில் சொல்லப்படுகிறது. எண் குறையக் குறையத் தடிமன் கூடும். 18 கேஜ் சுமார் 1.2 மில்லிமீட்டர், 14 கேஜ் சுமார் 1.9, 11 கேஜ் சுமார் 3 மில்லிமீட்டர். பிளந்தது 18 கேஜ் என்றால் 14-க்கு மாறுவது நியாயம். ஆனால் இரண்டாவது கீலும் பிளந்தது என்பது, மோட்டாரின் கை இழுக்கும் விசை முழுவதும் பலகையின் நடுவில் ஒரே புள்ளியில் விழுகிறது என்பதைக் காட்டுகிறது. மேல்பலகையின் முழு அகலத்துக்கும் ஒரு வலுவூட்டுச் சட்டம் வைத்து, அதனோடு மோட்டாரின் கையை இணைத்தால் விசை இரு ஓரங்களுக்கும் பரவும்.

அதற்கும் முன்பாக, மோட்டார் ஏன் அவ்வளவு கடினமாக இழுக்கிறது என்று பாருங்கள். கதவை மூடிய நிலையில் மோட்டாரிலிருந்து விடுவித்து, கையால் பாதி உயரத்துக்குத் தூக்கி, கையை விலக்காமல் பிடியை மட்டும் மெல்லத் தளர்த்துங்கள். கதவு அங்கேயே நின்றால் ஸ்பிரிங் சரியாக இருக்கிறது. கீழே இறங்கப் பார்த்தால், ஸ்பிரிங் சுமக்க வேண்டிய எடையை மோட்டார் சுமக்கிறது. அதைச் சரிசெய்யாமல் 11 கேஜ் கீலைப் போட்டாலும் அடுத்து பிளப்பது பலகையாகத்தான் இருக்கும்.