டெக்சாஸ் வாக்குச்சீட்டில் 17 கேள்விகள்: புரியாததைக் காலியாக விடலாமா?

கேள்வி: போன வருடம்தான் அமெரிக்கக் குடியுரிமை கிடைத்தது. டல்லாஸ் பக்கம் சொந்த வீட்டில் இருக்கிறோம். வரும் நவம்பர் 4-ஆம் தேதி (2025) முதல் முறையாக வாக்களிக்கப் போகிறேன். மாதிரி வாக்குச்சீட்டில் மாநில அரசியலமைப்புத் திருத்தம் என்று 17 கேள்விகள் இருக்கின்றன. நாலைந்துக்கு மேல் புரியவில்லை. காலியாக விட்டால் அது ‘வேண்டாம்’ என்று கணக்காகிவிடும் என்கிறார் மினசோட்டாவில் இருக்கும் என் மைத்துனர். எங்கள் வாட்ஸ்அப் குழுவில் வந்த பட்டியலைப் பார்த்தே போட்டுவிடலாமா?

பதில்: தாராளமாகக் காலியாக விடலாம். சீட்டு செல்லாமல் போகாது. நீங்கள் பதில் சொன்ன மற்ற கேள்விகள் அப்படியே எண்ணப்படும். டெக்சாஸில் ஒவ்வொரு திருத்தத்துக்கும் விழுந்த ஆதரவையும் எதிர்ப்பையும் மட்டும்தான் எண்ணுவார்கள். எது அதிகமோ அது ஜெயிக்கும். காலியாக விட்டவர் அந்தக் கணக்கிலேயே வரமாட்டார்.

உங்கள் மைத்துனர் சொன்னதும் பொய்யில்லை, அது அவர் மாநிலத்துச் சட்டம். இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன், ஏனென்றால் வேறு மாநிலத்து உறவினர் சொல்வதைக் கேட்டுக் குழம்பி வருகிறவர்கள் நிறைய. 100 பேர் வாக்களிக்க வந்தார்கள் என்று வையுங்கள். ஒரு திருத்தத்துக்கு 48 பேர் ஆதரவு, 45 பேர் எதிர்ப்பு, 7 பேர் காலி. டெக்சாஸில் இது ஜெயித்துவிடும். மினசோட்டாவில் தோற்றுவிடும்! அங்கே 1898 முதல், தேர்தலில் வாக்களித்த அத்தனை பேரில் பாதிக்கு மேல் ஆதரவு வேண்டும் என்பது விதி. 48 என்பது 100-இல் பாதிகூட இல்லை. ஆகவே அந்த 7 பேர் தங்களை அறியாமலே எதிர்ப்பாளர்களோடு சேர்ந்துவிடுகிறார்கள். மைத்துனர் ஒருநாளும் காலியாக விடக்கூடாது. நீங்கள் விடலாம்.

சரி, அந்த வாட்ஸ்அப் பட்டியல். தயவுசெய்து அதைத் தூக்கிப் போடுங்கள். ஒவ்வொரு தேர்தலிலும் எண்கள் மறுபடி 1-இலிருந்து தொடங்குகின்றன. 2023-இல் 13-ஆம் எண் நீதிபதிகளின் ஓய்வு வயதைக் கூட்டுவது பற்றியது. அந்த வருடம் வந்த 14-இல் தோற்றது அது ஒன்றுதான். இந்த வருடம் 13-ஆம் எண் உங்கள் வீட்டு வரி. ‘13-க்கு எதிர்ப்பு’ என்று பழைய பட்டியல் ஒன்று சுற்றி வந்தால், உங்கள் வரிச்சலுகைக்கு நீங்களே குறுக்கே நிற்பீர்கள். புதுப் பட்டியலாகவே இருந்தாலும், எழுதியவருக்கு அதில் என்ன லாபம் என்று உங்களுக்கு எப்படித் தெரியும்?

கேள்வியை எப்படி வாசிப்பது? சீட்டில் ‘யெஸ்’, ‘நோ’ இருக்காது. ‘ஃபார்’, ‘அகெயின்ஸ்ட்’ என்றுதான் இருக்கும். முதல் வினைச்சொல்லைத் தேடுங்கள். 2-ஆம் எண் மூலதன ஆதாய வரியை, அதாவது சொத்து, பங்கு போன்றவற்றின் மதிப்பு ஏறுவதால் வரும் லாபத்துக்குப் போடும் வரியை, விதிக்கத் ‘தடை’ செய்வது. அந்த வரி வேண்டாம் என்பவர் ‘ஃபார்’ போடவேண்டும். ‘வரி’ என்ற சொல்லைப் பார்த்ததும் ‘அகெயின்ஸ்ட்’ போட்டுவிட்டு வருகிறவர்கள் இருக்கிறார்கள். ‘சட்டமன்றத்துக்கு அதிகாரம் அளிக்க’ என்று இருந்தால், செய்யலாம் என்ற அனுமதி மட்டும்தான். ‘அட் வலோரம்’ என்று வந்தால் பயப்படவேண்டாம், சொத்தின் மதிப்பை வைத்துப் போடும் வரி, அவ்வளவுதான்.

கடையில் விற்பனைக்கு வைத்திருக்கும் கால்நடைத் தீவனத்துக்கு வரிவிலக்குத் தரலாமா என்பதுகூட இந்த 17-இல் ஒரு கேள்வி. 1876-இல் எழுதிய அரசியலமைப்பு, இதுவரை 500-க்கு மேல் திருத்தங்கள். சட்டமன்றத்தின் இரு அவைகளிலும் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவோடு இவற்றை மக்கள் வாக்குக்கு அனுப்புகிறவர்களுக்கு, வேலைக்குப் போய் வரும் ஒரு மனிதர் வாசித்துப் புரிந்துகொள்ளும்படி ஒரு வாக்கியம் எழுத முடியாதா? ஒரு கேள்வி மூன்று, நான்கு வரிகளுக்கு நீள்கிறது, நடுவில் ஒரு முற்றுப்புள்ளி கிடையாது. மனம் பொறுக்கவில்லை.

13-ஆம் எண் உங்களைத் தொடுவதால் அதையும் சொல்லிவிடுகிறேன். குடியிருக்கும் வீட்டின் மதிப்பில் பள்ளி வரிக்குக் கணக்கில் எடுக்காத தொகை 1,00,000 டாலரிலிருந்து 1,40,000 ஆகும். பள்ளி வரி 100 டாலருக்கு 1 டாலர் என்றால், வருடத்துக்கு 400 டாலர் மிச்சம். நகர வரி, கவுண்டி வரி இதனால் குறையாது.

இது நிறைவேறினால் அடுத்து உங்கள் தபால்பெட்டிக்கு ஒரு கடிதம் வரும். போன முறை பக்கத்து வீட்டுப் பெரியவர் அப்படி ஒன்றைக் கொண்டுவந்து காட்டினார். கழுகு முத்திரை, சிவப்பு எழுத்தில் கடைசித் தேதி, கீழே வரிவிலக்குக்கு விண்ணப்பிக்கக் கட்டணம். செக் எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டார். அரசுக் கடிதம் இல்லை என்பது பின்பக்கம் எறும்பு எழுத்தில் இருந்தது. ஹோம்ஸ்டெட் விலக்கு என்ற இந்த வீட்டு வரிச்சலுகைக்கு விண்ணப்பிக்க ஒரு காசு செலவில்லை. 50-114 என்ற படிவம், உங்கள் கவுண்டியில் சொத்து மதிப்பை நிர்ணயிக்கும் அலுவலகமான அப்ரைசல் டிஸ்ட்ரிக்டில் இலவசம். ஏற்கெனவே விலக்கு வாங்கியிருந்தால் கூடுதல் தொகைக்காக மறுபடி விண்ணப்பிக்கவே தேவையில்லை, தானாகச் சேரும். யாராவது ‘நான் முடித்துத் தருகிறேன் அண்ணா’ என்று வந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

சட்டமன்றத்துக்கு உதவும் அரசு அமைப்பான டெக்சாஸ் லெஜிஸ்லேட்டிவ் கவுன்சில் ஒவ்வொரு திருத்தத்துக்கும் பின்னணி, ஆதரவு வாதம், எதிர்ப்பு வாதம் மூன்றையும் போட்டு ஒரு கையேடு வெளியிடுகிறது. இலவசம். ஒரு நாளைக்கு மூன்று கேள்வி என்று உட்கார்ந்தால் ஒரு வாரத்தில் முடிந்துவிடும். முடிவு செய்ததை ஒரு தாளில் உங்கள் கையாலேயே எழுதிக்கொள்ளுங்கள். வாக்களிக்கும் இடத்திலிருந்து 100 அடிக்குள் போனை எடுக்க விடமாட்டார்கள். பட்டியல் போனில் இருக்கிறது என்று உள்ளே வந்து தவித்தவர்களைப் பார்த்திருக்கிறேன். தாள் கொண்டுபோகலாம், மற்றவர்களிடம் காட்டக்கூடாது. திரும்பும்போது அங்கேயே வைத்துவிடாமல் எடுத்து வந்துவிடுங்கள்.