முதுகு

அன்புள்ள ஐயா,
ஆங்கிலேயச் சிற்பி ஹென்றி மூர் செய்த, படுத்திருக்கும் பெண் சிலைகளைப் படத்தில் பார்த்தேன். வயிற்றில் எதற்கு ஓட்டை? தலை ஏன் இத்தனை சின்னது? மனித உடலை ஒழுங்காகச் செய்யத் தெரியாதவர்களின் சமாளிப்புதானே நவீன சிற்பம்? நல்ல புத்தகம் இருந்தால் சொல்லுங்கள்.
– ஒரு வாசகர், காரைக்குடி

அன்புள்ள தம்பி,

புத்தகத்தை அப்புறம் பார்க்கலாம். "செய்யத் தெரியாதவர்" என்று எழுத எப்படி மனசு வந்தது? லண்டன் ராயல் கலைக்கல்லூரியில் படித்து, அங்கேயே 7 வருடம் சொல்லிக்கொடுத்தவர் அவர். தலை சின்னது என்பதெல்லாம் ஒரு குறையா? விடுங்கள்.

நல்ல நேரத்தில் எழுதினீர்கள். நானே நாலு நாளாக எங்கள் அப்பத்தா முதுகை நினைத்துக்கொண்டிருந்தேன்.

மூர் 1898-இல் யார்க்‌ஷயரில் பிறந்தவர், நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளியின் மகன். அம்மாவுக்கு வாதவலி. பையன்தான் முதுகில் தைலம் தேய்த்துவிடுவான். 1957-இல் உட்கார்ந்திருக்கும் பெண் சிலை ஒன்றைச் செய்யும்போது, தன்னை அறியாமலே அந்த முதுகைத்தான் செய்துகொண்டிருந்ததாக அவரே சொல்லியிருக்கிறார்.

எங்கள் வீட்டில் இரண்டாம் கட்டுத் தூணைப் பிடித்துக்கொண்டு அப்பத்தா உட்காரும். நல்லெண்ணெயில் கற்பூரம் போட்டுக் காய்ச்சியிருக்கும். நடுவில் முண்டு முண்டாக எலும்பு. தோள்பட்டைக்குக் கீழே உள்ளங்கை போய் உட்காரும் ஒரு பள்ளம். இடுப்புக்கு மேலே தளர்ந்த சதை, எண்ணெய் பட்டதும் வழுக்கும். "அங்கனதாண்டா, அழுத்து" என்னும். அப்பத்தா முகம் எனக்கு இப்போது மங்கிவிட்டது. அந்தப் பள்ளம் மறக்கவில்லை.

நீங்கள் படத்தில் பார்த்தது ஒரு பக்கம் மட்டும் தம்பி. மூர் கூழாங்கல்லையும் எலும்பையும் பொறுக்கி வந்து, கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தவர். எது கடினம், எது மெத்து, எங்கே தேய்ந்திருக்கிறது என்று அதிலிருந்து படித்ததைத்தான் உடம்பில் வைத்தார். நீங்கள் கேட்ட ஓட்டை, முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் சேர்க்கிற வழி.

இவ்வளவு பக்கத்தில் இருந்துகொண்டு திருமயம் போய் நின்று பார்த்திருக்கிறீர்களா? கோட்டையை அல்ல. குடைவரையில் பள்ளிகொண்ட பெருமாளை. தனியாகச் செய்து கொண்டுவந்து வைத்த உருவமில்லை அது. அந்தக் குன்றின் பாறையே அங்கே படுத்திருக்கிறது. அவருக்கு முதுகு மலைதான். கும்பிட்டு, தீபாராதனை பார்த்து, அடுத்த பஸ்ஸைப் பிடிக்கிற நாம் மூருக்கு உடல் தெரியாது என்கிறோம்!

வீட்டில் யாருக்காவது முதுகு வலி இருந்தால் முதலில் எண்ணெய் தேய்த்துவிடுங்கள், கண்ணை மூடிக்கொண்டு. பிறகு எழுதுங்கள், புத்தகம் சொல்கிறேன்.