டிரசரைக் கேளுங்கள்: ராத்திரி ரொட்டி சானாயும் விளக்கெண்ணெயும்

கேள்வி: டிரசர் ஐயாவுக்கு வணக்கம். என் வீட்டுக்காரர் ராத்திரி 11 மணிக்கு மாமாக் கடையில் ரெண்டு ரொட்டி சானாய் சாப்பிட்டு வந்து அப்படியே படுத்துவிடுகிறார். நெஞ்சு எரிகிறது, வயிறு கல் மாதிரி இருக்கிறது என்று காலையில் பசியாறுவதும் இல்லை. விளக்கெண்ணெய் கொடுத்து வயிற்றைக் கழுவிவிடலாமா?
– ஒரு வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: வேண்டாம் அம்மா. தொந்தரவு மேலே; நீங்கள் கழுவப் போவது கீழே.

தோட்டத்து ஆஸ்பத்திரியில் நான் டிரசராக, அதாவது மருத்துவ உதவியாளராக, இருந்த நாளில், வயிற்றுவலி என்று வந்தவர்கள் எல்லாம் தொப்புளைத்தான் தொட்டுக் காட்டுவார்கள். இரைப்பை அங்கே இல்லை. அதற்கு மேலே, இடது விலா எலும்புக்கு அடியில் ஒதுங்கி இருக்கிறது. தொப்புளைச் சுற்றிச் சுருண்டு கிடப்பது சிறுகுடல். நீட்டினால் ஏறக்குறைய 6 மீட்டர். எங்கள் லயத்து வீட்டு வாசலில் ஒரு நுனியை வைத்தால் மறுநுனி குசினிக்குப் போய்விடும்.

இரைப்பை சாப்பாட்டை அமிலத்தில் பிசைந்து கூழாக்கிக் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே விடும். சாதாரணச் சாப்பாடு என்றால் 2 முதல் 4 மணி நேரத்தில் பெரும்பாலும் காலி. ரொட்டி சானாயில் வம்பு மாவில் இல்லை, அதில் தடவும் நெய்யிலும் மார்ஜரினிலும்தான். கொழுப்பு வந்து சேர்ந்ததும் சிறுகுடல் ஒரு ஹார்மோனை விட்டு, ‘பொறு, இதை முடிக்கிறேன்’ என்று இரைப்பையை நிறுத்தி வைக்கும். அதே ஹார்மோன்தான் பித்தப்பையையும் பிழியும். பித்தநீர், சவர்க்காரம் பிசுக்கை உடைப்பதுபோல், கொழுப்பைத் துளித்துளியாக்கும்; பிறகு கணையநீர் அதைச் செரிக்கும். இதற்குள் உங்கள் வீட்டுக்காரர் படுத்துவிடுகிறார். உணவுக்குழாயின் அடியில் உள்ள தசை வளையம் சற்றுத் தளர்ந்தால் போதும், அமிலம் மேலேறி எரியும்.

சத்து ஏறுவதும் பெரும்பாலும் சிறுகுடலில்தான். தோட்டத்துப் பிள்ளைகளுக்கு மருந்து கொடுத்து நான் வெளியேற்றிய நாக்குப்பூச்சிகள் குடியிருந்ததும் அங்கேதான். சாப்பாடு கரைந்து தயாராகும் இடத்தில் வாடகை இல்லாமல் உட்கார்ந்திருக்கும்!

விளக்கெண்ணெய் வேலை செய்வதும் அங்கேதான். அங்கே உடைந்து குடலை முறுக்கும். தண்ணீரும் உப்பும் போய் மனிதர் சோர்வார். அடுத்த ராத்திரி அதே எரிச்சல். தீபாவளி முடிந்த கையோடு என் பாட்டியும் எங்கள் மூக்கைப் பிடித்து ஊற்றுவார். அன்று லயத்துக் கக்கூசுக்கு முன்னால் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தைவிட நீளமான வரிசை நிற்கும்.

கடைக்கு 8 மணிக்கே போகச் சொல்லுங்கள். சாப்பிட்டு 3 மணி நேரம் கழித்துப் படுக்கட்டும். கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்கு அடியில் பலகைக்கட்டை வையுங்கள். தலையணையை மட்டும் அடுக்கினால் வயிறு மடியும்.

விழுங்கும்போது அடைத்தாலோ எடை தானாகக் குறைந்தாலோ கிளினிக்கில் காட்டுங்கள். மலம் தார் மாதிரி கறுத்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். எரிச்சலோடு நெஞ்சு இறுகி, வியர்த்து, வலி கைக்கோ தாடைக்கோ பரவினால் அது இதயமாக இருக்கலாம். எனக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருக்காதீர்கள், 999-ஐ அழையுங்கள்.