கடை எங்களுடையது, டொட் கொம் யாருடையது? (கேள்வி பதில்)

டொமைன், அதாவது இணையத்தள முகவரிப் பெயர், அதற்கான சண்டைகளைப் பற்றிக் கேளுங்கள் என்று போன கிழமை சொல்லியிருந்தேன். வந்ததில் பாதிக்கு மேல் ஒரே கதைதான்: பெயர் எங்களுடையது, டொமைன் மட்டும் வேறு ஆளின் கையில். நான் சட்டத்தரணி இல்லை. யாழ்ப்பாணக் கடைக்காரருக்கு டொமைன் எடுத்துக் கொடுத்து, அதனால் வந்த தகராறுகளுக்குக் கடிதமும் எழுதிக் கொடுத்த அனுபவம்தான் இருக்கிறது.

அண்ணை, அம்மா 2009 முதல் திருநெல்வேலியில் மிளகாய்த்தூள் இடித்து ஒரே பெயரில் விற்கிறா. அந்தப் பெயரில் டொட் கொம் எடுக்கப் போனால், போன வருடம் யாரோ எடுத்துவிட்டார். கேட்டால் 2000 டொலர் தா என்கிறார். பொலிஸுக்குப் போகவா?

பொலிஸ் வேண்டாம் தங்கச்சி, அவர்கள் முறைப்பாட்டை எழுதி வைப்பதோடு சரி. டொட் கொம், டொட் நெட், டொட் ஓர்க் போன்றவற்றுக்கு இணையப் பெயர்களை உலகளவில் ஒழுங்குபடுத்தும் ஐகான் என்ற அமைப்பு 1999 இல் கொண்டுவந்த யூடிஆர்பி என்று ஒரு தகராறு தீர்க்கும் விதி இருக்கிறது. டொமைன் வாங்கும் எவரும் அதை ஏற்றுக்கொண்டுதான் வாங்குகிறார், ஒப்பந்தத்தை யாரும் வாசிப்பதில்லை என்பது வேறு கதை. அந்த விதிப்படி ஜெனீவாவில் இருக்கும் வைப்போ (ஐ.நா.வின் புலமைச் சொத்து அமைப்பு) மாதிரியான ஓர் அமைப்புக்கு நீங்கள் முறையிடலாம். எல்லாம் மின்னஞ்சலில்தான் நடக்கும், விமானம் ஏறத் தேவையில்லை.

அங்கே மூன்று விஷயத்தை நீங்கள் நிரூபிக்க வேண்டும். அந்த டொமைன் உங்கள் வர்த்தகக் குறியை (ட்ரேட்மார்க்கை) அப்படியே, அல்லது குழப்பும் அளவுக்கு ஒத்திருக்கிறது. அந்தப் பெயரில் அவருக்கு நியாயமான உரிமை எதுவும் இல்லை. கெட்ட எண்ணத்தோடு பதிந்தார், கெட்ட எண்ணத்தோடுதான் பாவிக்கிறார். மூன்றில் இரண்டு போதாது. ஆட்கள் சறுக்குவது மூன்றாவதில். 2000 டொலர் கேட்டார் என்பது நல்ல சாட்சிதான். வைப்போ முதன்முதலில் தீர்த்த வழக்கும் அப்படித்தான்: அமெரிக்க மல்யுத்த நிறுவனம் ஒன்றின் பெயரைப் பதிந்த ஒருவர் மூன்றே நாளில் 1000 டொலருக்கு விற்கிறேன் என்று அந்த நிறுவனத்துக்கே எழுதினார், 2000 ஜனவரியில் டொமைன் அவர் கையை விட்டுப் போனது. ஆனால் விலை சொன்னது மட்டும் குற்றம் இல்லை. உங்களை அறிந்து, உங்களைக் குறிவைத்துத்தான் எடுத்தார் என்று காட்ட வேண்டும். பெயர் 'அன்னை', 'லட்சுமி' போல ஆயிரம் பேர் வைக்கும் பெயரென்றால் அது கஷ்டம். ஸ்டிங் என்ற பாடகர் தன் பெயர் டொமைனைக் கேட்டு 2000 இல் தோற்றார், அது அகராதியில் உள்ள சாதாரண ஆங்கிலச் சொல்லும்கூட.

செலவு: ஐந்து டொமைன் வரைக்கும் தனி நடுவர் என்றால் வைப்போவுக்கு 1500 அமெரிக்க டொலர். முடிய இரண்டு மாதமளவில் ஆகும். ஆள் யார் என்று தெரியவில்லையே என்று யோசிக்க வேண்டாம். 2018 க்குப் பிறகு பதிவு விபரங்கள் பெரும்பாலும் மறைத்துத்தான் இருக்கின்றன, முறைப்பாடு போனதும் டொமைன் விற்ற நிறுவனம் ஆளின் விபரத்தை நடுவர் அமைப்புக்குக் கொடுக்கும், டொமைனையும் பூட்டும்.

அவர் கேட்பது 2000, வழக்குக்கு 1500, அதோடு எழுதுபவருக்கும் காசு. கணக்குப் பார்த்துவிட்டுப் பேரம் பேசுங்கள் என்று சொல்ல எனக்கு வெட்கம் இல்லை.

பிரதேச செயலகத்தில் வியாபாரப் பெயர் பதிந்திருக்கிறோம். அது ட்ரேட்மார்க் தானே?

இல்லை. வியாபாரப் பெயர்ப் பதிவு என்பது இந்தப் பெயரில் இன்னார் கடை நடத்துகிறார் என்று அரசாங்கத்துக்குச் சொல்வது. வர்த்தகக் குறி என்பது கொழும்பில் உள்ள தேசிய புலமைச் சொத்து அலுவலகத்தில், 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் பதிவது. பத்து வருடத்துக்குச் செல்லும், பிறகு புதுப்பிக்கலாம்.

பதியாவிட்டால் எல்லாம் போச்சு என்றும் இல்லை. பதியாத குறியையும் யூடிஆர்பி நடுவர்கள் ஏற்பார்கள், ஆனால் அந்தப் பெயரைக் கேட்டதும் சனத்துக்கு உங்கள் சரக்குத்தான் ஞாபகம் வரும் என்று ஆதாரத்தோடு காட்ட வேண்டும். இதற்காக ஒரு வீட்டில் பழைய பில் புத்தகம் தேடினோம். அரைவாசியைக் கரையான் தின்றிருந்தது. கடைசியில் கைகொடுத்தது பரணில் கிடந்த ஒரு தூள் பை: பெயரும், சின்னமும், பொதி செய்த திகதி முத்திரையும் மங்காமல் இருந்தன, உள்ளே கொஞ்சம் தூள்கூட ஒட்டியிருந்தது, படம் எடுத்த தம்பி தும்மிக்கொண்டே எடுத்தான். பழைய பை, பத்திரிகை விளம்பரம், கண்காட்சிக் கூடத்தின் படம், ஒன்றையும் எறியாதீர்கள்.

வெப்சைட் செய்த தம்பி டொமைனைத் தன் பெயரிலேயே பதிந்துவிட்டார். காசுத் தகராறு வந்த பிறகு தர மறுக்கிறார். இதுவும் யூடிஆர்பி தானா?

எங்கள் ஊரில் மிக அதிகம் நடப்பது இதுதான், யூடிஆர்பிக்குப் பொருந்தாததும் பெரும்பாலும் இதுதான். உங்களுக்காக, உங்கள் சம்மதத்தோடு எடுத்துவிட்டுப் பிறகு கூலிக்காகப் பிடித்து வைத்திருந்தால், இது ஒப்பந்தத் தகராறு, நீதிமன்றத்தில் பாருங்கள் என்று நடுவர்கள் தள்ளிவிடுவதுண்டு. டொமைனை வேறு நிறுவனத்துக்கு மாற்றும் இரகசியக் குறியீட்டை, கேட்டு ஐந்து நாளுக்குள் கொடுக்க வேண்டும் என்று ஐகான் விதி இருக்கிறது. ஆனால் கொடுக்க வேண்டியது பதிவில் பெயர் உள்ளவருக்கு. அது அவர்.

அதனால் முதலில் அவருடைய நிலுவையைக் கொடுத்து முடியுங்கள், அவர் பக்கமும் நியாயம் இருக்கும். கொடுக்கும்போதே பதிவுப் பெயரையும் மின்னஞ்சலையும் உங்களுக்கு மாற்றித் தருகிறேன் என்று எழுத்தில் வாங்குங்கள். இனி யாரிடம் வேலை கொடுத்தாலும், டொமைனை உங்கள் அட்டையில், உங்கள் மின்னஞ்சலில் நீங்களே வாங்குங்கள்.

நான் மறுபக்கம். மகனின் பெயரில் எடுத்த டொமைனை ஒரு வெளிநாட்டு நிறுவனம் தங்கள் குறி என்கிறது. ஆங்கிலத்தில் நீளமாக ஒரு மின்னஞ்சல் வந்திருக்கிறது. கொடுத்துவிடவா?

பதறாதீர்கள் ஐயா. முதலில் அது வெறும் மிரட்டல் கடிதமா, உண்மையில் வழக்குத் தொடங்கிவிட்டதா என்று பாருங்கள். வழக்கென்றால் பதில் கொடுக்க 20 நாள், கேட்டால் இன்னும் 4 நாள் தருவார்கள். பதில் போடாவிட்டால் தானாகத் தோற்பதில்லை, ஆனால் அவர்கள் சொன்னதை மட்டும் வாசித்துத்தான் தீர்ப்பு எழுதுவார்கள். எனக்குத் தெரிந்த ஒருவருக்கு அந்த மின்னஞ்சல் ஸ்பாமில் கிடந்தது, அவர் பார்த்தபோது இருபத்தாறாம் நாள்.

பிறப்புச் சான்றிதழ், அந்தத் தளத்தில் மகனின் படங்கள், எடுத்த வருடம், இவையே நல்ல பதில். சொந்தப் பெயர் பெரிய பலம். அமெரிக்காவில் நிசான் என்ற குடும்பப் பெயருள்ள ஒருவர், அதே பெயருள்ள கார் நிறுவனத்தோடு 1999 முதல் வருடக்கணக்கில் நீதிமன்றத்தில் இழுபட்டும் டொமைனை விடவில்லை. செலவில் அவர் நொந்து போனதும் உண்மை. உரிமை இல்லாமல் பறிக்க வந்தால், இது முறைப்பாட்டைத் துஷ்பிரயோகம் செய்வது என்று நடுவரே எழுதலாம், கேட்டுப் பாருங்கள். தோற்றாலும் டொமைனை மாற்ற முன் 10 வேலை நாள் இருக்கிறது, அதற்குள் உரிய நீதிமன்றத்தில் வழக்குப் போட்டால் மாற்றம் நிற்கும்.

ரொறன்ரோவில் இருக்கும் சித்தப்பாதான் கடை டொமைனுக்குக் காசு கட்டுவார். அவருடைய அட்டை காலாவதி, டொமைன் போய்விட்டது. யார் எடுத்தார் என்று வழக்குப் போடலாமா?

எப்போது போனது? போய்விட்டது என்று நீங்கள் நினைப்பது இன்னும் போகாமலே இருக்கலாம். டொட் கொம் காலாவதியாகி அழிபட்ட பிறகும் 30 நாள் மீட்கும் காலம் உண்டு, தண்டப்பணம் அதிகம், ஆனால் வழக்கைவிட மலிவு. அது கடந்தால் 5 நாளில் சந்தைக்கு வந்துவிடும். வேறு ஆள் எடுத்துவிட்டார் என்றால் முதல் கேள்விக்குச் சொன்னதுதான். சித்தப்பாவுக்கு இன்று இரவே எடுத்துக் கேளுங்கள், அங்கே காலை.

'யாழ்ப்பாணம்' என்ற சொல்லோடு 'ஒடியல்' சேர்த்து நாங்கள்தான் முதலில் முகநூலில் விற்றோம். இன்னொருவர் அதை டொமைனாக எடுத்துவிட்டார்.

ஊரின் பெயரும், காயவைத்த பனங்கிழங்கான ஒடியலும் யாருக்கும் தனிச் சொத்து இல்லை. விடுங்கள். வேறு பெயர் வையுங்கள்.

வெங்காயத் தோட்டக்காரருக்கு ஒரு பிரபல நிறுவனத்தின் நீர்ப்பம்பி விற்கிறோம். அந்தப் பெயரை எங்கள் டொமைனில் போட்டது பிழையா?

எப்போதும் பிழை இல்லை. 2001 இல் ஓக்கி டேட்டா என்ற வழக்கில் இதற்கு அளவுகோல் வைத்தார்கள்: உண்மையில் அந்தச் சரக்கை விற்க வேண்டும், அந்தத் தளத்தில் அதை மட்டும் விற்க வேண்டும், நிறுவனத்தோடு உங்களுக்கு உள்ள உறவைத் தெளிவாகச் சொல்ல வேண்டும், அந்தப் பெயரில் உள்ள டொமைன்களை எல்லாம் வளைத்துப் போடக்கூடாது. உங்கள் தளத்தைப் பார்த்தேன். பக்கத்தில் வேறு நிறுவனப் பம்பியும் தொங்குகிறது. அதை எடுத்துவிடுங்கள், 'நாங்கள் விற்பனையாளர் மட்டுமே' என்று மேலேயே போடுங்கள்.

இலங்கைக்கான டொட் எல்கே என்றால்?

அதை நடத்துவது எல்கே டொமைன் பதிவகம். யூடிஆர்பி தானாகப் பொருந்தாது, அவர்களுடைய விதியைக் கேட்டு நடவுங்கள்.

வென்றால் நட்டஈடு கிடைக்குமா?

ஒரு சதமும் இல்லை. டொமைன் உங்களுக்கு மாறும், அல்லது இரத்தாகும், அவ்வளவுதான். நட்டஈடு வேண்டுமென்றால் நீதிமன்றம், சட்டத்தரணி, வருடங்கள். முறைப்பாடு போட்ட பின் நடுவர் நியமனமாக முன்னம் இருவரும் சமாதானமாகிவிட்டால், கட்டிய 1500 இல் 1000 டொலரை வைப்போ திருப்பித் தரும். மிளகாய்த்தூள் தங்கச்சி, இதையும் கணக்கில் சேருங்கள்.