குழம்பில் காரத்தைக் குறைத்தால் இரைப்பை அழற்சி வராதா?

தென்னாப்பிரிக்காவின் டர்பன், சாட்ஸ்வொர்த்திலிருந்து கேட்டிருக்கிறீர்கள்: அப்பா முழங்கால் வலிக்குத் தினமும் ஐபுப்ரோஃபென் போடுகிறார், மேல்வயிறு எரிகிறது, காரத்தைக் குறைத்தால் போதுமா என்று.

போதாது. காரம் எரிச்சலைக் கிளப்பும், அவ்வளவுதான். இரைப்பையைப் புண்ணாக்குவது பெரும்பாலும் இத்தகைய மாத்திரை, அல்லது ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற கிருமி. இரைப்பையின் உட்சுவரை அமிலத்திலிருந்து காக்கும் சளிப்படலம் ஊறப் புரோஸ்டாகிளாண்டின் என்ற, உடலே உண்டாக்கும் வேதிப்பொருள் வேண்டும். ஐபுப்ரோஃபென் அதன் உற்பத்தியைக் குறைத்துவிடுகிறது. ரத்தத்தில் கலந்த பிறகும் இந்த வேலை தொடர்வதால், சாப்பிட்டபின் போட்டாலும் முழுப் பாதுகாப்பு கிடையாது.

கடையில் வாங்கும் தலைவலிப் பவுடரின் உறையையும் படித்துப் பாருங்கள். பலவற்றில் ஆஸ்பிரின் இருக்கும். இரண்டும் சேர்ந்தால் ரத்தக்கசிவு அபாயம் கூடும். (இதயத்துக்காக மருத்துவர் எழுதிய ஆஸ்பிரினை நீங்களாக நிறுத்தாதீர்கள்.)

வலிக்கு முதலில் பாராசிட்டமால்: ஒரு வேளைக்கு 1 கிராம், 24 மணி நேரத்தில் 4 கிராமுக்கு மேல் கூடாது. குடிப்பழக்கமோ ஈரல் கோளாறோ இருந்தால் அளவை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். ஐபுப்ரோஃபென் தவிர்க்கவே முடியாதென்றால், கூடவே அமிலச் சுரப்பைக் குறைக்கும் ஒமெப்ரசோல் 20 மி.கி. வேண்டுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். அதைக் காலை உணவுக்கு அரை மணி முன்பு போட வேண்டும்.

கிருமிக்கு மூச்சு அல்லது மலப் பரிசோதனை உண்டு. அதற்கு முன் ஒமெப்ரசோலை 2 வாரம் நிறுத்தியிருக்க வேண்டும், ஆன்டிபயாட்டிக் முடிந்து 4 வாரம் ஆகியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் கிருமி இருந்தும் ‘இல்லை’ என்று வரும்.

சிகரெட், மது இரண்டும் இரைப்பைச் சுவரைப் பாதிக்கும். தார் போலக் கறுத்து ஒட்டும் மலமோ ரத்த வாந்தியோ கண்டால் உடனே அவசரப் பிரிவுக்குப் போங்கள். இரும்புச்சத்து மாத்திரையாலும் மலம் கறுக்கும். ஆனால் அது பிசுபிசுக்காது, அந்தக் குமட்டும் நாற்றமும் இருக்காது.