கிளை திறந்தால் போதுமா?

வணக்கம் ஐயா,

மாகாண சபைத் தேர்தலை வைக்கச் சொல்லித் தொடர்ந்து எழுதுகிறீர்கள். அது வெறும் வெள்ளை யானை அல்லவா? கடவுச்சீட்டை இப்போது வவுனியாவிலேயே எடுக்கிறோம். எல்லாத் திணைக்களங்களும் இப்படிக் கிளை திறந்தால் போதாதா?

வாசகர், வவுனியா

அன்புள்ள நண்பருக்கு,

கிளைகள் இன்னும் வரட்டும். கொழும்பு வெள்ளவத்தையில் விடியப்புறம் யாழ்ப்பாண பஸ்ஸால் இறங்குகிறவர்களைப் பார்ப்பேன். ஃபைலை நெஞ்சோடு அணைத்தபடி வயதானவர்களும் வருவார்கள். சொந்தக்காரர் வீட்டில் முகம் கழுவி, தேத்தண்ணி குடித்துவிட்டுப் பத்தரமுல்லையில் இருக்கும் அரச அலுவலகங்களுக்கு ஓடுவார்கள். "ஐயா இண்டைக்கு லீவு, நாளைக்கு வாங்கோ" என்றால் லொட்ஜ் காசும் சேர்ந்துவிடும். இந்த அலைச்சலைக் கிளை குறைக்கும்.

ஆனால் முடிவு எடுக்கும் இடம் மாறாது. உங்கள் பிரதேச செயலகம் வீட்டுக்குக் கிட்டத்தான் இருக்கிறது. 1987இல் மாகாண சபைகளுக்கு வழிசெய்த அரசியலமைப்பின் 13ஆம் திருத்தம் வந்து ஐந்து வருடத்துக்குள், 1992ஆம் ஆண்டின் 58ஆம் இலக்கச் சட்டம் பிரதேச செயலாளர்களை மத்திய அரசின் ஆட்களாக்கிவிட்டது. கதவு உங்கள் ஊரில். பிரதேச செயலாளர் பொறுப்புச் சொல்வதோ கொழும்புக்கு.

பாடசாலையும் அப்படித்தான். கல்வி மாகாணத்துக்கு என்றார்கள். ஆனால் 'தேசிய பாடசாலை' என்று பலகை மாறியதும் அது பத்தரமுல்லை இசுருபாயவில் இருக்கும் மத்திய கல்வி அமைச்சின் பாடசாலை ஆகிவிடுகிறது. ஏ.எல் வகுப்புக்குக் கணித ஆசிரியர் இல்லையென்றால் அதிபர் அங்கேதான் எழுத வேண்டும். பெற்றோரே கேட்டுத்தான் பலகையை மாற்றுகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன், காசு இருக்கும் பக்கம்தானே போவார்கள். ஆனாலும் மனம் பொறுக்கவில்லை.

வெள்ளை யானை என்கிறீர்கள். கடைசி மாகாண சபைத் தேர்தல் 2014இல் ஊவாவில் நடந்தது. 2019க்குப் பிறகு ஒன்பது மாகாணத்திலும் சபை இல்லை. செலவு நின்றுவிட்டதா? மாகாண அமைச்சுகளும் திணைக்களங்களும் ஊழியர்களும் அப்படியே இருக்கிறார்கள். ஜனாதிபதி நியமித்த ஆளுநர் நடத்துகிறார். கேள்வி கேட்க நீங்கள் வாக்குப் போட்டு அனுப்பிய ஆள் மட்டும்தான் இல்லை.

2017இல் தேர்தல் முறையை மாற்றினார்கள். அதற்காகத் தொகுதி எல்லைகளை வகுத்த எல்லை நிர்ணய அறிக்கையை 2018இல் பாராளுமன்றமே தோற்கடித்தது. தேர்தல் அதோடு நின்றது. பழைய முறையிலேயே நடத்த ஒரு திருத்தச் சட்டம் கொண்டுவந்தால் போதும். நான் கேட்டுக்கொண்டிருப்பது அதைத்தான்.