தண்ணீரை யார் தேக்கினார்கள்?

கேள்வி: மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் உதவியாளராக இருக்கிறேன். ஆவண அறை வாசலில் மழைநீர் சேர்ந்திருந்ததைப் பற்றி ஆங்கிலத்தில் குறிப்பு எழுதியபோது, 'ரெயின்வாட்டர் வாஸ் அக்யுமுலேட்டட்' என்று எழுதினேன். மேலதிகாரி 'வாஸ்' என்பதை மட்டும் சிவப்பு மையால் வட்டமிட்டுத் திருப்பி அனுப்பிவிட்டார். அகராதியைப் பார்த்தால் அக்யுமுலேட், கலெக்ட், கேதர், அமாஸ், அக்ரூ எல்லாவற்றுக்கும் 'சேர்' என்றே பொருள் இருக்கிறது. எதை எங்கே எழுதுவது? விடுப்பு விண்ணப்பத்திலும் இதே சந்தேகம் வருகிறது.
- ஒரு வாசகி, திருச்சி

பதில்: அன்புள்ள சகோதரி, அதிகாரி திருத்தியது சரிதான். காரணத்தையும் ஓரத்தில் ஒரு வரி எழுதியிருந்தால் உங்களுக்கு இந்தக் குழப்பமே வந்திருக்காது. தமிழ் வழியில் படித்துவிட்டு ஆங்கிலத்தில் எழுதும் பலரிடம் இந்தத் தவறைப் பார்க்கிறேன். அது கவனக்குறைவால் வருவதில்லை. தமிழ் இலக்கணம் மனத்தில் ஆழமாகப் பதிந்திருப்பதால் வருகிறது.

தமிழில் தண்ணீர் தானாகத் தேங்கும். அணை கட்டி நாம் அதைத் தேக்குவோம். கூட்டம் திரளும், ஆள் திரட்டுவோம். தூசி சேர்ந்தது, பணம் சேர்த்தார். தானாக நடப்பதற்கு ஒரு வடிவம், ஒருவர் செய்வதற்கு இன்னொரு வடிவம். அக்யுமுலேட் என்ற வினையில் இந்தப் பிரிவு கிடையாது. 'டஸ்ட் அக்யுமுலேட்டட் ஆன் தி ஃபைல்ஸ்' என்றால் கோப்புகளின்மேல் தூசி சேர்ந்தது. 'ஹி அக்யுமுலேட்டட் எ லார்ஜ் லைப்ரரி' என்றால் அவர் பெரிய நூலகமே சேர்த்துவிட்டார். வினை அதேதான். நம் மனமோ, தானாக நடந்ததைப் பிரித்துக் காட்ட ஏதாவது வேண்டுமே என்று தேடுகிறது. கைக்கு அகப்படும் 'வாஸ்' ஒட்டிக்கொள்கிறது. ஒட்டியதும் வாக்கியம் செயப்பாட்டுவினையாகி, மழைநீர் யாராலோ சேர்த்து வைக்கப்பட்டது என்று பொருள் தருகிறது. அலுவலகக் குறிப்பில் இது வம்பு. யார் அந்த ஆள் என்று கேட்டால் என்ன பதில் சொல்வீர்கள்?

'ரெயின்வாட்டர் ஹேட் அக்யுமுலேட்டட் அவுட்சைட் தி ரெக்கார்ட் ரூம்' என்று எழுதுங்கள். நீங்கள் போய்ப் பார்ப்பதற்கு முன்பே தேங்கியிருந்தது, அதனால் 'ஹேட்'. இதை வைத்து 'வாஸ்' என்றைக்குமே கூடாது என்று முடிவுகட்டிவிடாதீர்கள். 'எவிடன்ஸ் வாஸ் அக்யுமுலேட்டட் ஓவர் மெனி இயர்ஸ்' சரியான வாக்கியம். சான்றுகளை ஒருவர் பாடுபட்டுச் சேர்த்திருக்கிறார். 'வாட்டர் வாஸ் அக்யுமுலேட்டிங்' என்பதும் சரி, அப்போது சேர்ந்துகொண்டிருந்தது. இதே இடத்தில் சிலர் 'ஸ்டாக்னேட்' என்று எழுதுகிறார்கள். அது ஓட வழியில்லாமல் கிடந்து கெட்டுப்போகும் நீருக்குரிய சொல். காலையில் பெய்த மழைக்கு அதைப் போடுவது எனக்கு உவப்பில்லை.

அக்யுமுலேட் என்பதன் வேர், குவியலைக் குறிக்கும் 'க்யுமுலஸ்' என்ற லத்தீன் சொல். புவியியல் பாடத்தில் திரள் மேகத்துக்குப் படித்த அதே பெயர்தான். சிறிது சிறிதாக, காலப்போக்கில் மேலே மேலே ஏறுவதுதான் இதன் சாரம். ஆகவே ஒற்றைப் பொருளுக்கு இது பொருந்தாது; ஒரே ஒரு புத்தகத்தை யாரும் அக்யுமுலேட் செய்ய முடியாது. மனிதர்களுக்கும் ஆகாது. வாசலில் கூட்டம் கூடினால் 'எ க்ரவுட் கேதர்ட்'. நிதி திரட்டுவதற்கோ இந்த ஐந்தில் எதுவும் வேண்டாம். 'ரெய்ஸ் ஃபண்ட்ஸ்' என்பதே வழக்கு.

கட்டணம், கையெழுத்து, தபால்தலை போன்றவற்றைக் கேட்டோ தேடியோ சேர்ப்பது கலெக்ட். பள்ளத்தில் நீர் சேர்வதற்கும் அது வரும். பெரிய அளவில் குவிப்பது அமாஸ். நாளிதழ்களில் சொத்துக் குவிப்பு வழக்குச் செய்திகளில் அடிக்கடி பார்த்திருப்பீர்கள். அதற்காக அது கெட்ட சொல் ஆகிவிடாது, ஓட்டங்களையும் சான்றுகளையும்கூட அமாஸ் செய்யலாம்.

அக்ரூ மட்டும் தனி. ஒன்றிலிருந்து உரிமையாக விளைந்து வருவதற்கு அது. தேசிய சேமிப்புப் பத்திரத்தை நினைத்துக்கொள்ளுங்கள்: 5 ஆண்டுகளும் வட்டி ஆண்டுதோறும் அசலோடு சேர்கிறது, கைக்கு வருவது முதிர்வின்போதுதான். கைக்கு வராவிட்டாலும் உங்களுக்குரியதாக ஏறிக்கொண்டே போகும் அந்த வட்டிக்கு 'இன்ட்ரஸ்ட் அக்ரூஸ்' என்று எழுத வேண்டும்.

விடுப்புக்கு வருகிறேன். உங்கள் ஈட்டிய விடுப்புக் கணக்கில் ஜனவரியிலும் ஜூலையிலும் 15 நாட்கள் வரவு வைக்கப்படுகின்றன. எடுக்காமல் விட்டால் 300 நாட்கள் வரை சேரலாம். இதற்கு அக்யுமுலேட்டே பொருத்தம். 'ஐ ஹேவ் அக்யுமுலேட்டட் 120 டேஸ் ஆஃப் எர்ன்ட் லீவ்' என்று உங்களை எழுவாயாக வைத்து எழுதலாம். 'மை எர்ன்ட் லீவ் ஹேஸ் அக்யுமுலேட்டட்' என்று விடுப்பையே எழுவாயாக்கியும் எழுதலாம். விண்ணப்பத்துக்கு முன்னதே நல்லது. நாட்களின் எண்ணிக்கை நேராகக் கண்ணில் படும். எழுத்துப்பிழை மட்டும் வந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்: அக்யுமுலேட்டில் 'சி' இரண்டு, 'எம்' ஒன்றே. இரண்டும் இரட்டிப்பது 'அகாமடேட்' என்ற சொல்லில்.